காப்பியடித்த பேச்சு

பாட்காஸ்ட் பயிற்சி வகுப்பில் அந்த அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாராவது தேடி வந்துவிடுவார்களோ என்பதுபோல் நிமிடத்துக்கொரு தரம் வாசலைப் பார்த்தார்.

ஆலைக் கழிவை ஆற்றில் விட அனுமதித்த அமைச்சரை அவர் மைக்கில் விளாச விளாச, இளம் பயிற்சியாளனுக்கு எரிச்சல் மூண்டது. ஹெட்போனைக் கழற்றினான்.

"என்னம்மா இது? அமைச்சரைத் திட்டுறதுக்கு அவர் பேச்சையே காப்பியடிச்சிருக்கீங்க! அதே அடுக்குமொழி, அதே நக்கல்!"

"அவரோடது இல்ல தம்பி. பன்னிரண்டு வருஷமா அவர் மேடையில பேசுறதெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "தெரிஞ்சா வேலை போயிடுமேம்மா?"

"அந்த ஆலையைப் புகழ்ந்து எழுதச் சொன்னாங்க. காலையில ராஜினாமாவை எழுதி வெச்சுட்டு வந்துட்டேன்." அவர் மைக்கை அருகே இழுத்துக்கொண்டார். "என் பேரைப் போட்டு நான் எழுதினது அது ஒண்ணுதான். இது ரெண்டாவதா இருக்கட்டும். ரெக்கார்டிங்கை ஆரம்பிங்க."