எங்கே கிளம்பிட்டீங்க, சாச்சா?

போங்கள் என்று காவல் நின்ற சிப்பாய் கையை அசைத்தான்.

பெரியவர் போகவில்லை. ரொட்டிக் கூடையைப் பனியில் இறக்கி வைத்தார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளி அங்கியை இரண்டு கையாலும் மார்பு வரை தூக்கிப் பிடித்தார். உள்ளே நூல் பிரிந்த ஸ்வெட்டர். பைஜாமா நாடா குளிர்காற்றில் ஆடியது.

பாலத்துச் சோதனைச் சாவடியில் எல்லோரும் அப்படித்தான் தூக்கிக் காட்ட வேண்டும். ரொட்டி சுடுகிற அசீஸ் சோஃபிக்கு மட்டும் வேண்டாம் என்று அவன்தான் விட்டுவைத்திருந்தான்.

"இறக்குங்க சாச்சா. குளிரப் போகுது."

அவர் இறக்கவில்லை.

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசை நின்றது. எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோஃபி தாழ்ந்த குரலில் சொன்னார். இவனுக்குப் புரிய வேண்டுமே என்று இந்தியை உடைத்து உடைத்து.

"இனி என்கிட்ட எதுவும் கேட்காதீங்க சாப். எல்லாரையும் போல சோதனை போடுங்க. கொஞ்சம் கத்துங்க."

நேற்று வரை பேட்டா என்பார். மகனே என்று. இன்றைக்கு சாப். ஐயா என்று.

*

அவன் சங்கரன்கோவில் பக்கம். அங்கே எதிரில் வருகிறவரிடம் எங்கே கிளம்பியாச்சு என்று கேட்காமல் தாண்டினால், கண்டும் காணாமல் போகிறான் பார் என்பார்கள். பதில் யாருக்கும் வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

அந்த மரியாதையை அவன் மூட்டை கட்டி காஷ்மீருக்கும் கொண்டுவந்திருந்தான்.

எங்கே கிளம்பிட்டீங்க, சாச்சா? வீட்டில் யார் யார் இருக்காங்க? சால்வை விற்க லூதியானா போன மகன் வந்தாச்சா? ராத்திரி உங்க வீட்டில் விளக்கு எரிஞ்சதே, விருந்தாளியா?

தோளில் துப்பாக்கி. வாய் நிறையச் சிரிப்பு. வரிசை முழுக்கக் கேட்கிற குரல். நல்ல மனிதரிடம் பேசுவதை எதற்காக ஒளிக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

சோஃபியும் பதில் சொன்னார். பாலம் தாண்ட வேண்டுமே.

அதைப் பிரியம் என்று இவன் எடுத்துக்கொண்டான்.

தை மாதம் அக்கரை ஊரில் இரண்டு பேரை வீடு புகுந்து பிடித்துக்கொண்டு போனார்கள். போனது ராணுவத்தின் வேறு பிரிவு. தகவலும் வேறு யாரோ கொடுத்தது. பாலத்தில் நின்ற இவனுக்கு அதில் ஒன்றும் சம்பந்தமில்லை. ஆனால் ஊருக்கு அது எப்படித் தெரியும்? ராணுவக்காரன் யாரிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறான் என்பது மட்டும் ஊருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு சோஃபியின் கூடை நிறைந்தபடியே திரும்பி வந்தது.

அதையும் அவன் கேட்டான். என்ன சாச்சா, இன்னைக்கு யாரும் வாங்கலையா என்று. வரிசையின் முன்னால், சிரித்துக்கொண்டே.

இப்போது அதை நினைக்கையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

*

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஹவில்தார் செல்வின் நின்றிருந்தார். நாகர்கோவில்காரர். எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

"அவரே சொல்லுகாருல்லா. செய்யி மக்கா. இல்லேன்னா ஊருக்காரனுவ அவர சும்ம விடமாட்டானுவ."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உள்ளே என்னடா வச்சிருக்கே?"

சோஃபி நடுங்கினார். வரிசை இப்போது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்படியென்றால் இத்தனை மாதமும்?

அந்தச் சிரிப்பு. அந்த பேட்டா. ஒருநாள் அங்கிக்குள்ளிருந்து சூடாக எடுத்துக் கொடுத்த ரொட்டி. அதைத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போன் போட்டு, இங்கே எனக்கு ஒரு பெரியப்பா கிடைச்சிருக்காரு என்று சொன்னானே.

அவரும் பாலம் தாண்டத்தான் சிரித்தாரா?

அவமானமாக இருந்தது. முகம் சுட்டது. அது கோபமாக மாற நேரமே ஆகவில்லை.

கால் கூடையை உதைத்தது.

ரொட்டிகள் பனியில் உருண்டன. ஒன்று பாலத்தின் விளிம்பைத் தாண்டி ஓடைக்குள் விழுந்தது.

அவர் கத்தத்தான் சொன்னார். உதைக்கச் சொல்லவில்லை.

சோஃபி அங்கியை இறக்கிவிட்டுக் குந்தினார். ஒரு ரொட்டியை எடுத்தார். பனியைத் தட்டினார். உதட்டில் ஒற்றிக் கூடையில் வைத்தார். பிறகு அடுத்தது.

ஒரு பெண் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். பின்னாலேயே இரண்டு ஆண்கள். யாரும் அவனிடம் அனுமதி கேட்கவில்லை. அவர்களும் பொறுக்கினார்கள். அவர்களும் ஒவ்வொன்றையும் முத்தமிட்டுத்தான் வைத்தார்கள்.

அந்தப் பெண் சோஃபியின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். நான்கு ரொட்டிகளை எடுத்துத் தன் முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டாள். இன்னொருவர் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

எல்லோருமாகப் பாலத்தைத் தாண்டினார்கள், அவரை நடுவில் விட்டு.

சோஃபி திரும்பிப் பார்ப்பார் என்று அவன் நின்றான். ஒரு பார்வை போதும். புரிந்தது பேட்டா என்கிற மாதிரி. அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

செல்வின் வந்து முதுகில் தட்டினார்.

"கொள்ளாம் மக்கா. நல்லா நடிச்ச."

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.