மூன்றாவது காய்ச்சல்

"மறுபடியும் காய்ச்சலாம்! இந்த மாசத்துல மூணாவது தடவை!"

பிலோமினா போனை வைத்த வேகத்தில் மேஜையே அதிர்ந்தது. 1987. பாரிஸ் லா ஷப்பேலில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சின்ன நிலையம். பிலோமினா அங்கே செக்ரெத்தேர்; போன் எடுப்பதும் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குவதும் அவள் வேலை. நாக்கு கொஞ்சம் நீளம்.

"யாருக்குக்கா?" பயிற்சியாளர் பியட்றிஸ் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தொண்டை கட்டியிருந்தது. கையில் ஒரு பிள்ளை கடித்த காயம் இன்னும் ஆறவில்லை.

"அந்த யாழ்ப்பாணத்து நாகேஸ்வரியோட மகனுக்குத்தான். இங்க தமிழ்ல பயிற்சி கொடுக்கிற ஒரே ஆள் நீ. உன்கிட்ட ரான்தேவுன்னு ஒரு மணி நேரம் கிடைக்கிறதே பெரிசு. அருமை தெரியுதா பாரு!"

"விடுங்கக்கா. மாசக் கடைசியோட நானே வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். முடியலை."

பிலோமினாவின் கோபமெல்லாம் நாகேஸ்வரி மேல்தான் திரும்பியது.

சற்று நேரத்தில் கறிவேப்பிலை வாங்க ரூ பெர்தொனே தெருவிலுள்ள தமிழ்க் கடைக்குப் போனால், அங்கே நாகேஸ்வரி! பக்கத்தில் மகன், பருப்பு மூட்டைக்குள் கையை விட்டு அளைந்துகொண்டு, கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறான்.

"காய்ச்சல்னீங்களே? பொய்யா? அங்க அந்தப் பொண்ணு வேலையை விட்டே போகப்போறா. எல்லாம் உங்களை மாதிரி ஆளுங்களாலதான்!"

நாகேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, போகப்போறாவோ? அதுக்குத்தான் அக்கா நான் பயந்தனான்."

"பயந்து பொய் சொன்னீங்களாக்கும்?"

"ஓம். போன மாசம் இவனோடை இருக்கேக்கை அவ அழுததைக் கண்டனான். 'கொஞ்சம் ஆறி இருங்கோ பிள்ளை' எண்டால் கேக்கமாட்டா. நாங்கள் வராட்டில்தானே, அந்த ஒரு மணித்தியாலமாவது கதிரையிலை சாய்வா. அவ போனால் இவனைத் தமிழிலை கதைச்சுப் பழக்க இஞ்சை ஆர் இருக்கினம்?"

மகனின் கையிலிருந்த பருப்பைத் தட்டிவிட்டு, நாகேஸ்வரி ஆசையோடு கேட்டாள்:

"இப்ப கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பா, என்ன அக்கா?"

பிலோமினா எடுத்த கறிவேப்பிலையைத் திரும்பக் கூடையிலேயே வைத்தாள்.

பயிற்சி அறை ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் பிலோமினாவுக்குப் பொறுக்காது. மூன்று தடவையும், காய்ச்சல் என்று போன் வந்த கையோடு, வேறொரு பிள்ளையை வரவழைத்து பியட்றிஸின் அறைக்குள் அனுப்பியவள் அவள்தான்.

இன்றும் அனுப்பிவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தாள்.