அதிவேகம்

நெல் வயலின் வரப்போரம் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அறுவடை இயந்திரம் உறுமிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தது.

"நில்லு! முட்டை இருக்கு!" என்று குருவி எதிரே பாய்ந்து கத்தியது.

"என் நெத்தியில எழுதியிருக்கிறதைப் படி. அதிவேகம்! எதுக்கும் நிக்காதுன்னு அர்த்தம்."

சக்கரம் ஒரு முட்டையை நசுக்கியது. குருவி ஆத்திரம் தாங்காமல் அதன் கண்ணாடியைக் கொத்து கொத்தென்று கொத்தியது. இயந்திரம் சிரித்தபடியே போய், வயல் மூலையில் இருந்த சேற்றில் இடுப்புவரை புதைந்தது.

"குருவியம்மா, சீக்கிரமா டிராக்டரைக் கூட்டிட்டு வாயேன்!" என்று கெஞ்சியது.

மிஞ்சிய மூன்று முட்டைகள்மேல் குருவி உட்கார்ந்தது.

"இதுங்க குஞ்சு பொரிச்சு, வளந்து, பறக்கட்டும். அப்புறம் போறேன்."