கெட்டிமேளத்துக்கு ஒரு நாய்

"நாய்க்குன்னு வாசிக்க வந்த மொத தவில்காரன் நாந்தான் லா, சார்ஜன்."

சிரித்துக்கொண்டே தவிலைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனார் சன்னாசி.

தர்மேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாளத்தை விட்டு வந்து வருஷக்கணக்காகியும் சார்ஜன் என்ற பட்டம் அவரை விடவில்லை. பட்டாளமும் விடவில்லை.

மகள் பிரமிளாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அப்பனாக மணவறையில் உட்கார்ந்து அவர்தான் தாரை வார்க்க வேண்டும். தாலி ஏறும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்கும்.

போன வருஷம் புந்தோங்கில் மச்சினன் மகன் கல்யாணத்திலும் முழங்கியது. கையில் அட்சதையோடு மணவறை ஓரம் நின்றிருந்த தர்மேந்திரன், மாப்பிள்ளையைப் பட்டுவேட்டியோடு கீழே தள்ளி அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

அமைதிப்படையோடு போன நாட்டில், குண்டுச் சத்தத்துக்குப் பழகிய உடம்பு. அதற்கு மறதி கிடையாது.

சொந்தக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் சரளாவைத் தேடி வந்தார். சுங்காய் ஊருக்கு உள்ளே, ரப்பர் அழிந்து செம்பனை நிற்கும் தோட்டம். பால்மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன பழைய ஆயாக்கொட்டகையில் இப்போது தெருநாய்கள் வளர்கின்றன. சரளா அவற்றைப் பழக்கி, பட்டாளத்தில் தூக்கத்தைத் தொலைத்து வந்தவர்களுக்குத் துணையாக அனுப்புகிறாள்.

கோப்பி அப்படிப்பட்ட நாய். காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியில் மாட்டிக் கிடந்ததாம். பின்னங்கால் ஒன்றை இன்னும் இழுத்துத்தான் நடக்கும்.

இன்றைக்கு அதற்குச் சோதனை. தவில் முழங்கியதும் அது வந்து தர்மேந்திரன் மடியில் தலையை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தினால் கல்யாணத்துக்குக் கூட வரும். மண்டபத்துக்காரரும் தலையாட்டிவிட்டார். வராவிட்டால் நாயைக் கொடுப்பதற்கில்லை என்று சரளா முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

நாய் இல்லாமல் மணவறை ஏறுவதில்லை என்று அவரும் முடிவு செய்திருந்தார். தம்பியை உட்காரச் சொல்லிவிடலாம்.

மனைவி கலாதேவி இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூட வந்திருந்தாள். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டகையின் அந்தக் கோடியில் ஒரு பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் தவில் வெடித்தது.

தர்மேந்திரன் நாற்காலியை இறுகப் பிடித்தார். சரளா சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெல்ல வெளியே விட்டார். எழவில்லை. யாரையும் தள்ளவில்லை.

தவில் நின்றது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

கோப்பி எழுந்தது. காலை இழுத்துக்கொண்டு அவரைப் பார்த்து வந்தது. அவர் கையை நீட்டினார்.

நீட்டிய கைக்குக் கீழே புகுந்து, அப்படியே தாண்டிப் போய்விட்டது.

போய், கலாதேவியின் மடியில் தலையை வைத்தது.

"அட, இங்க ஏன் வர்ற? அவருகிட்ட போ!" அவள் தள்ளத் தள்ள அது இன்னும் அழுத்தியது. "காலையில கோழி வெட்டுன கை, சரளா. அந்த வாசத்துக்குத்தான் வருது. கழுவிட்டு வாரேன், இன்னொரு தடவ பாப்போம் லா."

தர்மேந்திரன் தரையைப் பார்த்தார். மணவறையில் தம்பி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்து நின்றது.

சரளா நாயைத் திருப்பிக் கூப்பிடவில்லை.

"கோழிக்கெல்லாம் போவாதுண்ணே," என்றாள் மெதுவாக. "யாரு ரொம்ப நடுங்குறாங்களோ, அங்கதான் போவும்."

அவர் நிமிர்ந்தார்.

கலாதேவியின் கண் நாய்மேல் இல்லை. அவருடைய கைகளின் மேல் இருந்தது. அவை எப்போது பாயும், யார்மேல் பாயும் என்று பார்த்துக்கொண்டிருந்த கண்.

அவள் கக்கத்துப் பைக்குள் சாவிக்கொத்து கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. தவில் ஓய்ந்த பிறகும் அது ஓயவில்லை.

இப்படி ஒரு சத்தத்தில் தான் நடுங்காமல் இருந்து அவளை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எழுந்து, நாற்காலியை இழுத்துப் போய்ப் பெஞ்சை ஒட்டிப் போட்டார். நாயை அவர் பக்கம் கூப்பிடவில்லை. அதன் தலைமேல் இருந்த அவள் கையின்மேல் தன் கையை வைத்தார்.

"ஏங்க..." என்றாள் அவள்.

"சன்னாசி அண்ணே," என்று சுவர்ப் பக்கம் குரல் கொடுத்தார். "இன்னொருக்கா அடிங்க. இப்ப நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம்."