சித்தூர்ல பண்ண ஆபரேஷன்

"ஃபைல் எத்துகினு வரலியா? பழைய சீட்டு, ஸ்கேனு, ஒண்ணுமே இல்லியா?" நர்ஸ் கேட்டதும் எழிலரசன் தலையைக் கவுத்துக்கினான்.

கமலம்மாவுக்கு மருமவன் மேல பத்திக்கினு வந்துச்சி. நகரியிலேர்ந்து திருப்பதி வரைக்கும் கார்ல பொண்ணு துடிச்சிக்கினு வரா, இவன் வெறுங்கையை வீசிக்கினு வந்து நிக்கறான். கூட வந்த அவன் தங்கச்சி ஷோபாவாவது ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா?

"பர்வாலேதம்மா" ன்னாரு டாக்டர் ஹேமநாத். "போன் நம்பர் சொல்லுங்க போதும். சித்தூர்ல பார்த்ததுகூட இங்க வந்துடும்."

நம்பரைத் தட்டினதும் துர்காதேவின்னு பேரு, வயசு, சர்க்கார் குடுத்த இலவச வைத்தியக் கார்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்து நின்னுச்சி. கமலம்மா அந்த டிவி மாதிரி பொட்டியைப் பார்த்தே ஒரு கும்பிடு போட்டா.

டாக்டர் புடவை மேலேயே வலது பக்கம் அடிவயித்தை அமுக்கினாரு. துர்கா பல்லைக் கடிச்சிக்கினு முனகினா.

"நானும் குடல்வால்னுதான் நெனச்சேன். ஆனா அதைத்தான் போன தீபாவளிக்கு முந்தின வாரமே சித்தூர்ல எடுத்துட்டாங்களே. இது வாயுப்புடிப்புதான். ஊசி போடறேன், சாயந்தரம் வீட்டுக்குப் போயிடலாம்."

கமலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. "ஆபரேஷனா? எம் பொண்ணுக்கா?"

"கேமரா விட்டு எடுத்திருக்காங்கம்மா. தழும்புகூட சரியா தெரியாது."

"ஏன் மாப்ள, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

ஷோபா செவுத்தைப் பார்த்துக்கினு நின்னா.

"ஏண்டி, தீபாவளிக்கு விஜயபுரம் வந்து எங்கூட நாள் பூரா குனிஞ்சி வேர்க்கடலை புடுங்கினியே! அறுத்த வயிறோடவா புடுங்கின? சொல்லியிருந்தா உன்னைக் கொல்லையில எறங்க வுட்டிருப்பேனா?"

துர்கா புருஷன் மூஞ்சியைத்தான் பார்த்தா.

ஊசி போட்டும் வலி அடங்கல. குடிச்ச தண்ணியெல்லாம் வாந்தியா வந்துச்சி, உடம்பு அனலா கொதிச்சிச்சி. கமலம்மா டாக்டர் பின்னாலேயே ஓடினா.

"சாமி, இன்னொரு தபா பாரு சாமி. அவ சின்ன வலிக்கெல்லாம் அழுவுற பொண்ணு இல்ல."

"இல்லாத குடல்வாலை நான் எங்கேர்ந்தும்மா எடுக்கறது? கம்ப்யூட்டர்ல தெளிவா இருக்குது. வெளிய எத்தினி பேரு நிக்கறாங்க பாருங்க."

கமலம்மாவுக்குக் கையெழுத்து போடவே வராது. சித்தூரும் திருப்பதியும் கூடிப் பேசி வெச்சதை இல்லன்னு சொல்ல அவ யாரு? திரும்பி வந்து பொண்ணு தலையை மடியில வெச்சிக்கினா. "என்னால ஒண்ணும் முடியலியேடி..."

துர்கா முனகறதும் நின்னு போச்சி. கண்ணு மட்டும் பாதி தொறந்து கெடந்துச்சி.

அதைப் பார்த்ததும் ஷோபா விருட்டுனு எழுந்தா. எழிலரசன் அவ கையைப் புடிச்சி இழுத்தான். "சும்மா இரு ஷோபா. கார்டு பூடும். கேஸ் போட்டு உள்ள வெப்பாங்க."

"வெக்கட்டும், வுடுண்ணா!" கையை உதறிக்கினு போயி டாக்டரை மறிச்சிக்கினு நின்னா.

"சார், கல்யாணம் ஆனதும் எம் பேரை கார்டுலேர்ந்து எடுத்துட்டாங்க சார். அண்ணி பேரைச் சொல்லி ஆபரேஷன் பண்ணிக்கினது நானு. அண்ணிக்கு குடல்வால் உள்ளயேதான் இருக்குது!"