கடைசி மணி

மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும்போதே பனிமூட்டம் பாதையை மூடிவிட்டது. கூடாரம் போட வேண்டிய ஏரிக்கரை இன்னும் வெகு கீழே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகும் தௌபீக் மணியடிப்பான், அடுத்து ரோசலின், கடைசியில் இளவரசு. அவன் மணியும் கேட்டால் யாரும் விழவில்லை என்று அர்த்தம்.

ஒரு வளைவில் இளவரசு அடித்து முடித்ததும், அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு மணி ஒலித்தது. காலையிலிருந்து அந்தப் பாதையில் வேறு சைக்கிளே வரவில்லை. திரும்பிப் பார்த்தான்; பனிதான் தெரிந்தது.

"இளவரசு, ஒரு தடவ அடிச்சாப் போதும்டா" என்று தௌபீக் கத்தினான்.

அடுத்த வளைவில் தௌபீக் அடித்தான், ரோசலின் அடித்தாள். இளவரசு அடிக்கவில்லை. சத்தம் வராவிட்டால் நின்று, தேடிக்கொண்டு வருவார்கள் என்று பிரேக்கை இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டான். அவன் முழங்கையை உரசிக்கொண்டு ஏதோ கடந்து போனது. பனிக்குள், அவன் இருந்திருக்க வேண்டிய இடத்தில், மணி ஒலித்தது.

கூப்பிட வாயைத் திறந்தான். குரல் எழும்பவில்லை.

"இப்பத்தான்டா சரியா அடிக்கிற" என்றான் தௌபீக், கீழேயிருந்து. "அப்படியே பின்னாலயே வா."