சித்திக்கு மட்டும்

“இறங்கினதும் முதல் வேலையா போன்ல டேட்டாவை அணைச்சுடுங்க டீச்சர். நான் பட்ட பாடு நீங்க படாதீங்க” என்றாள் மூத்தவள், டீச்சரின் இடுப்பருகே ஒரு குண்டூசியைக் குத்திக்கொண்டே.

டீச்சர் அடுத்த வாரம் வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார். அதற்காகத் தைக்கக் கொடுத்த கவுனைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார்.

“அப்படி என்ன ஆச்சு?”

“போன வருஷம் பொண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். அவ தெரு, அவ ஆபீஸ், போற பஸ்ஸுன்னு ஒண்ணு விடாம வீடியோ கால் போட்டு இங்க இருக்கறவங்களுக்குக் காட்டினேன். திரும்பி வந்தா, வந்துச்சு பாருங்க ஒரு பில்! பிளேன் டிக்கெட்டே தேவலாம்னு ஆயிடுச்சு.”

“அது நம்ம ஊர் சிம்மை அங்க போட்டுப் பேசினதால வந்ததுக்கா” என்றாள் இளையவள், எதிர் மேஜையில் பொத்தான் தைத்தபடி. “டீச்சர், நீங்க அங்க போய் ஒரு சிம் வாங்கிக்குங்க. வீட்டுக்குள்ள வைஃபைல பேசினா தனியா காசே கிடையாது.”

“ஆமா, இவ கண்டா! போன்காரன் சும்மா விடுவானா? எங்கேயாவது மீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டவர்கள் இருவரும். பல வருடமாக இந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய தையல் கடை. மூத்தவள் வெட்டித் தைப்பாள். பொத்தான், ஓரம், இஸ்திரி எல்லாம் இளையவள்.

அப்போது இளையவளின் போன் பாடியது. அவள் முகம் மலர்ந்தது. போனை மேஜைமேல் இரண்டு நூல்கண்டுகளுக்கு நடுவே நிறுத்தினாள். ஹெட்போனைக் காதில் செருகிக்கொண்டாள்.

“எழுந்துட்டியா கண்ணு? சாப்பிட்டியா?”

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. கூப்பிட்டது அவள் மகள். பெற்ற மகள்.

“உங்க பொண்ணா?” என்றார் டீச்சர். “சித்தி மேல இவ்வளவு உயிரா! இந்தக் காலத்துல யாருக்கு இப்படி அமையும்?”

அவர் போய்விட்டார். வார்த்தை மட்டும் அறையிலேயே நின்றது.

தினமும் இதே கூத்துதான். வேலைக்குக் கிளம்பும் முன் மகள் சித்தியைக் கூப்பிடுவாள். அரைமணி நேரம் ஓடும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதுவும் ‘நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, வெச்சுடு கண்ணு, காசு ஏறும்’ என்று மூத்தவளே அவசரமாக முடித்துவிடுவாள். பிள்ளை ராப்பகலாகச் சம்பாதிக்கும் காசு பேச்சில் கரையக் கூடாதே! அந்தக் கரிசனம் சித்திக்காரிக்கு இருக்கிறதா? ரெண்டு பையன்கள் போதாதென்று என் பெண்ணையும் வளைத்துப் போட்டுவிட்டாள்.

ஆரம்பத்தில் ஒருமுறை இளையவள் போனை நீட்டினாள். “நீங்களும் பேசுங்கக்கா.”

“ஏன், என் நம்பர் அவளுக்குத் தெரியாதா?” என்று மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் இளையவள் நீட்டவில்லை.

மூத்தவள் மெஷினை மிதித்தாள். காது மட்டும் எதிர் மேஜையிலேயே இருந்தது.

“தெரியுதா? இரு, கொஞ்சம் தள்ளி வெக்கிறேன். ம், இப்ப முழுசா தெரியுதா?”

என்ன அழகு வழிகிறதாம், முழுசாகக் காட்ட!

“இல்லடா, புதுசு இல்ல. அதே பச்சைப் புடவைதான்.”

மூத்தவள் நிமிர்ந்தாள். இளையவள் சட்டென்று அவளைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். பார்த்தாயா என் செல்வாக்கை என்கிற சிரிப்பு. மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். “இருமல் இப்ப தேவலைடா. கவலைப்படாம வேலைக்குப் போ.”

அவ்வளவுதான். மெஷின் நின்றது.

வீட்டில் எல்லோருக்கும்தான் இருமல் வந்து போனது. சித்திக்கு இருமல் என்றால் அங்கே கவலையாம். பெற்றவள் விடிய விடிய இருமினாளே, ஒரு வார்த்தை கேட்டாளா?

“இதோ பார்” என்று எழுந்தாள் மூத்தவள். “நாளையிலேர்ந்து நீ வேற இடம் பார்த்துக்கோ. உன் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போயிடு. இனிமே சேர்ந்து கடை நடத்த என்னால முடியாது.”

ஹெட்போன் காதில் இருந்ததால் இளையவளுக்குப் பாதிதான் விழுந்தது. அவள் பதறிப்போய்க் கையை ஆட்டினாள். “அக்கா, எழுந்திருக்காதீங்க! உக்காருங்க, ஒரு நிமிஷம்...”

“எனக்கே உத்தரவா?”

மூத்தவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இன்று அவளையும் கேட்டுவிட வேண்டும், இவளையும் கேட்டுவிட வேண்டும். ஹெட்போன் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டுவிட்டு, போனின் முன்னால் குனிந்தாள்.

திரையில் இளையவளின் முகம் இல்லை. மூத்தவளின் மெஷினும், அதன் பின்னால் அவளுடைய காலி நாற்காலியும்தான் இருந்தன. மூலையில் சின்னக் கட்டத்துக்குள் மகள், கையில் காபியோடு, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, அம்மா எங்க போனாங்க? நேரா கூப்பிட்டாத்தான் முகத்தைக்கூடப் பார்க்க விடாம வெச்சுடறாங்க. போனைத் திருப்பிடாதீங்க, அவங்க வந்து உக்கார்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்!”